ரிடெய்னர்: சொல்லும் வேலையும்

புதுச்சேரிப் பக்கம் பல்லுக்குப் போடுவது எதுவானாலும் ‘கிளிப்’தான். பல்லை இழுத்து வரிசைப்படுத்தும் கம்பியும் கிளிப், அதைக் கழற்றிய பிறகு மாட்டிக்கொள்ளச் சொல்லும் ரிடெய்னரும் கிளிப். ‘கிளிப்பைத்தான் எடுத்தாச்சே, மறுபடி எதுக்கு?’ என்று பிள்ளைகள் அதை டப்பாவோடு மறந்துவிடுகிறார்கள். கம்பி பல்லை நகர்த்தும், ரிடெய்னர் நகரவிடாது. வேலையே நேரெதிர் என்பதால் பெயரும் வேறாக இருக்க வேண்டும்.

இலத்தீனில் ‘தெனேரே’ என்றால் பிடித்தல். ‘ரெ’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘ரெட்டினேரே’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வழக்கறிஞரை அமர்த்த முன்கூட்டித் தரும் தொகைக்கும் ஆங்கிலத்தில் ரிடெய்னர் என்றே பெயர். பல் மருத்துவத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ‘கோந்தான்சியோன்’ என்கிறார்கள். அதுவும் தெனேரேயின் வழி வந்ததே. பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த உறவு உடனே பிடிபடும்.

ஏன் பிடிக்க வேண்டும்? பல் எலும்போடு நேரே ஒட்டியிருப்பதில்லை. இடையில் நார்த்திசு இருக்கிறது. வேரைச் சுற்றியுள்ள நார்கள் புது இடத்துக்குப் பழக 3, 4 மாதங்கள் ஆகும். ஈறிலுள்ள மீள்தன்மை கொண்ட நார்களோ ஓராண்டு வரைகூடப் பழைய இடத்துக்கே இழுக்கும். திருகியிருந்த பல்லைத் திருப்பியிருந்தால் இந்த இழுப்பு இன்னும் அதிகம். போதாததற்கு, கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கும். அதனால்தான் முதல் சில மாதங்கள் நாள் முழுக்கவும், பிறகு ஆண்டுக்கணக்கில் இரவிலும் போடச் சொல்கிறார்கள்.

1919இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சார்லஸ் ஹாலி விவரித்த ரிடெய்னர் வகை, இப்போது அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் தகடும் கம்பியும் கொண்டதாக, இன்றும் புழக்கத்தில் உண்டு. நிறமற்ற பிளாஸ்டிக் உறை, கீழ்ப்பற்களின் உட்புறம் ஒட்டிவிடும் மெல்லிய கம்பி ஆகியவை மற்றவை.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘பல் பிடிப்பான்’ என்றால் பல் பிடுங்கும் கொறடு நினைவுக்கு வருகிறது. ‘நிலைநிறுத்தி’ பொருந்தும், ஆனால் சாதித்ததைக் காக்கும் பொருள் அதில் இல்லை. ‘தக்குதல்’ என்றால் நிலைபெறுதல். பதவியைத் தக்கவைத்தார் என்கிறோமே, கைக்கு வந்தது நழுவாமல் காப்பது அது. ஆகவே ‘பல் தக்கவைப்பி’ என்பதே என் தேர்வு.

தக்கவைப்பியைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீரில் பிளாஸ்டிக் நெளியும். சில நாள் விட்டுப்போய் மாட்டும்போது உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள். பல் நகர்ந்திருக்கலாம், மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.