ரீடிஃபரன்ஷியேஷன்: தமிழ்ல என்னன்னு சொல்றது?

முத்துன தைராய்டு கேன்சர்ல இப்போ அடிக்கடி அடிபடற வார்த்தை ரீடிஃபரன்ஷியேஷன் தெரபி. நேரா தமிழ்ப்படுத்தி "மறுவேறுபாட்டு சிகிச்சை"ன்னு போட்டா புருஷன் பொண்டாட்டிக்குள்ள மறுபடி மனஸ்தாபம் வந்த மாதிரி இருக்கு.

மூலம் லத்தீன், 'டிஃபெர்ரே'ன்னா பிரிச்சுக் கொண்டுபோறது. கருவுல ஒரே மாதிரி இருந்த செல்லெல்லாம் அப்புறம் ஈரல், நரம்பு, தோல்னு ஆளுக்கொரு வேலைய எடுத்துக்கிட்டு பிரியுதுல்ல, அதான் டிஃபரன்ஷியேஷன். தைராய்டு செல்லுக்கு வாய்ச்ச வேலை ரத்தத்துலேர்ந்து அயோடினை இழுத்து ஹார்மோன் பண்றது, அதுக்குன்னே செல் சவ்வுல என்ஐஎஸ்னு ஒரு பம்ப் இருக்கு, ஒவ்வொரு அயோடைடோடயும் ரெண்டு சோடியத்தை சேர்த்து உள்ள விடும். கதிர்வீச்சு அயோடின்-131 வைத்தியமே இந்த பம்பை நம்பித்தான்: முழுங்கினா போதும், கேன்சர் நுரையீரலுக்கே பரவியிருந்தாலும் அந்த செல்லு தானா இழுத்து வச்சுக்கிட்டு சாகும்.

முத்த முத்த செல் கத்துக்கிட்டத மறக்குது, இது டீடிஃபரன்ஷியேஷன். பல பேருக்கு காரணம் பிராஃப் ஜீன்ல வர்ற கோளாறு, 'வளரு வளரு'ங்கற சிக்னல் ஆஃப் ஆகாமலே ஓடும், பம்ப் செய்யறது குறைஞ்சு நின்னுடும். அயோடின் குடுத்தாலும் ஸ்கேன்ல அந்த இடம் வெறுமையா கிடக்கும். இந்த நிலைக்கு டாக்டருங்க வச்ச பேரு ரிஃப்ராக்டரி, அதுவும் லத்தீன்தான், அடங்காப்பிடாரின்னு அர்த்தம்!

அந்த சிக்னலை கொஞ்ச வாரம் மாத்திரையால அடக்கி, பம்ப் திரும்ப வந்ததும் அயோடினை குடுக்கறதுதான் ரீடிஃபரன்ஷியேஷன். 2013-ல நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் ஆஸ்பத்திரி ஆளுங்க செலுமெட்டினிப்ங்கற அந்த மாதிரி மருந்த குடுத்து பார்த்த 20 பேர்ல 12 பேருக்கு அயோடின் இழுக்கறது கூடுச்சு, அதுல 8 பேருக்கு வைத்தியம் பண்ற அளவுக்கே வந்துச்சு, அயோடின் குடுத்தப்புறம் 5 பேருக்கு கட்டி நல்லாவே சுருங்குச்சு.

சரி, தமிழ்? தாவரவியல்ல வேறுபாடிழத்தல், மறுவேறுபாடுன்னு எழுதுவாங்க, திசு வளர்ப்பு படிக்கற பசங்களுக்கு அது போதும், நோயாளிக்கு புரியாது. 'மீள்தன்மை'ன்னு வைக்கலாம்னா அது ஏற்கனவே பிசிக்ஸ்ல ரப்பர்பேண்டு சமாச்சாரத்துக்கு போயிடுச்சு. எனக்கு மொதல்ல தோணினது 'இயல்பு மீட்பு'. ஆனா யோசிச்சா அதுவும் கொஞ்சம் ஓவர், செல் அப்பவும் கேன்சர் செல்தான், பம்ப் மட்டும்தான் கொஞ்ச நாளைக்கு திரும்புது. அதனால இப்போதைக்கு நான் எழுதறது 'அயோடின் ஏற்பு மீட்பு'.