வரிசை எல்லாம் டாக்டர் அறை வாசலில்தான்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். முதல் பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் எட்டரை மணிக்கே ஸ்வெட்டரும் மப்ளருமாக என் அறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பலருக்கு அன்றைக்கு என்னிடம் வேலையே இருக்காது. அதை அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

நாய் கடித்த ஒருவர். முதல் நாள் வந்தபோது நான் பார்த்தேன், ஊசியும் போட்டாயிற்று. மூன்றாம் நாள் இரண்டாவது ஊசிக்கு வந்தவர் நேராகப் போக வேண்டியது ஊசி அறைக்கு. கையில் அட்டை இருக்கிறது, தேதி எழுதியிருக்கிறது, சிஸ்டர் இருக்கிறார், ஐந்து நிமிட வேலை. ஆனால் அவர் என் வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, பஸ்ஸை விட்டு, அரை நாள் கூலியையும் விட்டார். ஏழாம் நாள் ஆளைக் காணோம். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போய்த்தான் கூட்டி வந்தார். வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போட 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய மாவட்டம் இது. அங்கேயே வரிசைக்குப் பயந்து ஊசியை விடுகிறார்கள் என்றால் தப்பு எங்கள் மேல்தான். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்தால், தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். நாயோ குரங்கோ, கடித்த இடத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு வாருங்கள். மஞ்சள், காப்பித்தூள் வேண்டாம்.

வாசலில் ஓ.பி. சீட்டு எழுதும் அக்காவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பேர், வயசு எழுதுகிறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் சமவெளிக்காரி, வந்த புதிதில் இங்கே படுகர்கள் பேசும் படுகு மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. பாட்டிமார் சொல்வதை எனக்குத் தமிழில் சொன்னது அவர்தான். மூச்சிரைக்கிற குழந்தையை, வியர்த்துக் கொட்டுகிற ஆளை வரிசையிலிருந்து கிளப்பி உள்ளே அனுப்புவதும் அவர்தான். “என்ன பண்ணுது?” என்று அவர் கேட்டால், “டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கிறேன்” என்று மழுப்பாதீர்கள். கூச்சமான விஷயம் என்றால், தனியாகப் பேசணும் என்று மட்டும் சொன்னால் போதும்.

மருந்தாளுநர் விஷயத்தில் என் பிழை ஒன்றையே சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்கு இரண்டு காலும் வீங்கிக்கொண்டே வந்தது. சிறுநீரகமா, இதயமா என்று நான் ஒவ்வொரு பரிசோதனையாக எழுதினேன். எல்லாம் சரியாகவே வந்தது. ஒரு நாள் மருந்து ஜன்னலில் எங்கள் மருந்தாளுநர், “ஐயா, வீட்டுல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் அப்படியே பையோட கொண்டாங்க” என்றார். மறுநாள் மஞ்சள் பையைக் கொட்டிப் பார்த்தால், நாங்கள் கொடுத்த ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை ஒரு கவரில், வெளியே வாங்கிய அதே ஆம்லோடிபின் வேறு கம்பெனிப் பெயரில் இன்னொரு கவரில். இரண்டையும் தினமும் போட்டிருக்கிறார். அந்த மாத்திரைக்குக் கால் வீக்கம் ஒரு பக்க விளைவு, அளவு கூடினால் வீக்கமும் கூடும். ஒன்றை நிறுத்தியதும் கால் வற்றியது. “வேற எங்கயாவது மாத்திரை வாங்குறீங்களா?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆகையால் மருந்து வாங்கும்போது கவரைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, பழைய மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா என்று ஜன்னலிலேயே நின்று கேளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

ஆய்வகத்தில் தினமும் ஒரு கூத்து. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருகிறவரிடம் லேப் டெக்னீசியன், “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள். “டீ?” என்றால், “அது குடிச்சேன்.” இந்தக் குளிரில் டீ இல்லாமல் பஸ் ஏற முடியாதுதான், புரிகிறது. ஆனால் பாலும் சர்க்கரையும் போட்ட டீ உள்ளே போனால் அது வெறும் வயிறு இல்லை. எட்டு மணி நேரம், தண்ணீர் மட்டும். இருளர், குறும்பர், பணியர் குடியிருப்புகளில், பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் சோகைக்கும் ரத்தம் எடுக்கிறோம். 2023-லிருந்து நாடு முழுவதும் பழங்குடிப் பகுதிகளில் நடக்கும் திட்டம் அது. நோய் இருப்பதாகச் சொல்லி அட்டை கொடுத்திருந்தால், உடம்பு வலி, காய்ச்சல் என்று எங்கே போனாலும் அதை முதலில் காட்டுங்கள். பார்க்கிற மருத்துவரின் யோசனையே மாறும்.

அப்புறம் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்சம்மா. இவரைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. கேட்க எண்ணிக்கை குறைவுதான். ஆனால் ஒரு ஹட்டிக்கும் (படுகர் ஊர்) அடுத்த ஹட்டிக்கும் நடுவே ஒரு பள்ளத்தாக்கு இருக்கும், நடுவில் காட்டெருமையும் நிற்கும். கர்ப்பம் தெரிந்ததும் முதலில் போய்ப் பார்க்க வேண்டியவர் இவர்தான். 12 வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள், பிக்மி எண் என்ற கர்ப்பப் பதிவு எண் கிடைக்கும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிக்கும் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். திருப்பூருக்கோ கோவைக்கோ கட்டிக் கொடுத்த பெண் தலைப்பிரசவத்துக்கு வரும்போது, அங்கே போட்ட எண்ணையும் ஸ்கேன் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தாய்வீட்டுக்கு வந்த அன்றே நர்சம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள்.

ஏனென்றால் அவர் நோட்டில் தேதி வாரியாகப் பட்டியல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் யாருக்கு நாள் நெருங்குகிறது என்று அவர் முன்கூட்டியே பார்ப்பார். 2009 நவம்பரில் மண்சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது. பாதை எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது. வலி வந்தபின் வண்டி தேடாமல், நாலு நாள் முன்னாலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய் இருக்கச் சொல்லி அவர் மல்லுக்கட்டுவதை, “இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லை” என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்குக் கோபம் வரும்.

சுகாதார ஆய்வாளரைப் பார்த்தால் பிளீச்சிங் நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கிறார்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும், அவர் பார்ப்பது அதைத்தான். ஊற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பக்கத்து இரண்டு வீட்டில் ஒரே நேரத்தில் வாந்தி பேதி என்றால், எங்களிடம் வருவதோடு அவருக்கும் சொல்லுங்கள்.

சர்க்கரை, பிரஷருக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் தொற்றா நோய்ப் பிரிவு சிஸ்டரிடம் போகலாம். அளவு ஏறியிருந்தால் அவரே என்னிடம் அனுப்புவார். நடக்க முடியாதவர்களுக்கு 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது.

நெஞ்சு வலிக்கு மட்டும் வரிசை, சீட்டு, யார் என்ன வேலை, எதுவும் கிடையாது. கண்ணில் படுகிற முதல் ஆளிடம் சொல்லுங்கள். 2023-லிருந்து இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்த்து 14 மாத்திரை முதல் டோஸாக எங்களிடமே தயாராக இருக்கிறது. தேவை என்றால் அதைக் கொடுத்துவிட்டுத்தான் 108-இல் ஏற்றுவோம். ராத்திரியில் நான் இருக்க மாட்டேன், செவிலியர் இருப்பார். உங்கள் ஊர் நிலையத்தில் ராத்திரி எந்தக் கதவு திறந்திருக்கும் என்று பகலிலேயே பார்த்து வையுங்கள். எங்களிடம் முன்கதவைத் தட்டினால் கேட்காது. பின்பக்கம், பிரசவ அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் பெல் இருக்கிறது.