பிள்ளையின் துணியில் சீனிப்பாகு மணக்கிறதா?

வெள்ளவத்தையில் இருந்து வந்த அந்த அம்மம்மாவின் கையில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே பிள்ளையின் ஈரத்துணி. "ஒருக்கா மணந்து பாருங்கோ டொக்டர், ரெண்டு நாளாச் சொல்றன், ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். சீனியைக் கருக்கிப் பாகு காய்ச்சும்போது வருகிற அதே மணம்.

பிறந்து ஆறாம் நாள். முதல் மூன்று நாளும் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, நாலாம் நாள் முலையை விட்டுத் தூங்கத் தொடங்கியது. எழுப்பினால் முதுகை வில்லாக வளைத்துவிட்டுத் துவண்டது. முன்பு காட்டிய இடத்தில், தாய் வெந்தயம் சாப்பிடுவதால் வருகிற மணம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்படி நினைக்க இடம் உண்டு. பிள்ளைக்கு இருந்தது மேப்பிள் சிரப் சிறுநீர் நோய். இந்த நோயில் சிறுநீரில் மணக்கும் சொட்டலோன் என்ற பொருள்தான் வெந்தயத்திலும் மணக்கிறது. தாய் சாப்பிட்டது பிள்ளையின் சிறுநீரிலும் வரலாம். அதனால் மணத்தை மட்டும் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். மணத்தோடு சோர்வும், பால் குடிக்க மறுப்பதும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காதுக்குறும்பியிலும் அதே மணம் வரும்.

மேப்பிள் மரப்பாகு போலச் சிறுநீர் மணப்பதால்தான் நோய்க்கு அந்தப் பெயர். உலகில் சுமார் 1,85,000 பிள்ளைகளில் ஒருவருக்கு வருகிறது. 1954இல் மென்கெஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரே குடும்பத்தில் இறந்த 4 குழந்தைகளைப் பற்றி முதலில் எழுதினார்கள். புரதத்தில் உள்ள லூசின், ஐசோலூசின், வலின் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் உடைக்கும் நொதியம், கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்குள் இருக்கிறது. அது வேலை செய்யாவிட்டால் லூசின் தேங்கி மூளையைத் தாக்கும். குருதிச் சீனியும் அமோனியாவும் பெரும்பாலும் சரியாகவே இருப்பதால் ரிப்போர்ட்டைப் பார்த்து ஏமாந்து போகிறோம். குருதியில் அமினோ அமிலங்களை அளந்தால்தான் தெரியும். பிறந்த பிள்ளையைச் சோதிக்கக் குதிக்காலில் எடுத்த இரத்தத்தில் எந்தெந்த நோய்களைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். எல்லாம் அதில் அடங்காது.

"இன்சுலின் செய்யினம் தானே, இந்த நொதியத்தையும் செய்து ஊசியாப் போடேலாதோ?" என்று தகப்பன் கேட்டார். செய்திருக்கிறார்கள். மனிதப் பரம்பரையலகை ஈ.கோலை பக்டீரியாவுக்குள் வைத்து, புரதத்தைச் சரியாக மடிக்க உதவும் புரதங்களையும் கூடவே சேர்த்து, இந்த நொதியத்தின் முதற் பகுதியை உருவாக்கினார்கள். 2000இல் அதன் வடிவமும் வெளியானது. பரம்பரையலகின் எந்தப் பிழை நொதியத்தின் எந்த இணைப்பைக் குலைக்கிறது என்பதை அதை வைத்துத்தான் விளங்கிக்கொண்டோம். ஆனால் இன்சுலின் கலத்தின் வெளியிலேயே வேலையை முடித்துவிடும். இந்த நொதியமோ கலத்துக்குள் போய், இழைமணியின் இரண்டு சவ்வுகளையும் தாண்டி, மற்றப் பகுதிகளோடு பொருந்த வேண்டும். ஊசியில் போட்டால் குருதியிலேயே நின்றுவிடும். சிலருக்குத் தயமின் என்ற விற்றமின் கைகொடுக்கிறது. கல்லீரல் மாற்றினாலும் பலன் உண்டு.

மற்றப்படி சாப்பாடுதான் வைத்தியம். லூசின் இல்லாத பால்மா, அளந்து கொடுக்கும் தாய்ப்பால். வளர்ந்த பிறகு பருப்பு, மீன், முட்டை எல்லாம் விலக்கு, சோறும் அளவோடுதான். காய்ச்சல் நாட்கள்தான் ஆபத்து. பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே உடைத்து லூசினை வெளியே விடும். அப்போது புரதத்தை நிறுத்தி, பால் சேர்க்காத சவ்வரிசிக் கஞ்சியைச் சீனி போட்டுக் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வர மூன்றரை வயதானது. தாயும் தகப்பனும் நோயைக் காவுபவர்கள் என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வீதம் வாய்ப்பு. அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வந்து சொன்னார்கள். பிறந்த மறுநாளே, மணம் வருமுன், குருதி எடுத்து அனுப்பினோம்.