ஜிடிபி எகிறினால் பாய்லர் சிக்கனமாகிவிடுமா?

2015-ல் அயர்லாந்தின் ஜிடிபி ஒரே ஆண்டில் சுமார் 25 சதவீதம் எகிறியது. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் கணக்கில் அங்கே மாற்றியதுதான் முக்கியக் காரணம். அந்த ஆண்டு எரிசக்திப் பயன்பாடு குறையவில்லை, கூடியது. ஆனாலும் எரிசக்தியை ஜிடிபியால் வகுத்தால் கிடைக்கும் ‘எரிசக்திச் செறிவு’ சரிந்துவிட்டது. பட்டியலில் பார்த்தால் பெரிய சாதனை!

உலக நாடுகளை ஒப்பிட ஐ.நா. எடுத்துக்கொண்டிருப்பது இந்த அளவைத்தான். 1990–2010-ல் செறிவு ஆண்டுக்குச் சராசரியாக 1.3 சதவீதம் குறைந்தது. இந்தக் குறையும் வேகத்தை 2030-க்குள் இரட்டிப்பாக்குவது ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்கு 7.3. 2023 துபாய் பருவநிலை மாநாட்டில் இலக்கு ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் என்றானது. எந்த நாட்டிலும் கிடைக்கும் இரண்டே எண்கள் போதும் என்பதுதான் இந்த அளவின் பலம்.

கோளாறு எங்கே வருகிறது? ஒரு கற்பனைக் கணக்கு. உருக்குத் துறையின் மதிப்பு 100, எரிசக்தி 400. சேவைத் துறையின் மதிப்பு 100, எரிசக்தி 100. மொத்தச் செறிவு 2.5. சேவைத் துறை மட்டும் மும்மடங்கானால் எரிசக்தி 700, மதிப்பு 400, செறிவு 1.75. 30 சதவீதம் குறைந்துவிட்டது; ஆனால் எந்த உலையும் எந்த ஏசியும் மாறவில்லை. அதனால்தான் எரிசக்திப் பயன்பாட்டின் மாற்றத்தை உற்பத்தி அளவு, துறைகளின் பங்கு, உண்மையான திறன் என மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

மின்சாரத்திலும் ஒரு பொறி உண்டு. 36 சதவீதத் திறனுள்ள நிலையத்தில் 100 அலகு மின்சாரத்துக்கு 278 அலகு நிலக்கரி எரியும். அதே 100 அலகு சூரிய மின்சாரம் என்றால் முதன்மை எரிசக்தி (மின்சாரமாக மாற்றுவதற்கு முந்தைய மூல எரிசக்தி) 100 என்றே எழுதுவது சர்வதேச வழக்கம். 178 அலகு தாளில் காணாமல் போகிறது, வீட்டு மீட்டர் அப்படியே ஓடுகிறது. அணு மின்சாரத்துக்கோ 33 சதவீதத் திறன் என்று வைத்து மும்மடங்காக எழுதுவார்கள்.

ஆகவே உருப்படியான ஒப்பீடு கீழ்மட்டத்தில்தான் நடக்கும். உருக்குக்கு டன்னுக்கு இத்தனை கிகாஜூல், சரக்குக்கு டன்-கிலோமீட்டருக்கு இத்தனை மெகாஜூல். குளிர்நாட்டு வீடுகளுக்குச் சதுர மீட்டரோடு குளிரின் கடுமையைக் காட்டும் ‘டிகிரி-நாளா’லும் வகுக்க வேண்டும். 100 சதுர மீட்டர் வீடு, 3,000 டிகிரி-நாள், 12,000 யூனிட்: விடை 0.04. அடுத்த ஆண்டு குளிர் குறைந்து 2,500 டிகிரி-நாள், 10,000 யூனிட்: அதே 0.04. மிச்சம் வானிலையின் கொடை. குளியல் வெந்நீரை இந்தத் திருத்தத்தில் சேர்க்கக் கூடாது.

ஐரோப்பாவின் ‘ஓடெக்ஸ்’ குறியீட்டெண், இப்படிப்பட்ட அலகு நுகர்வுகளை அவற்றின் எரிசக்திப் பங்கின்படி எடையிட்டு ஒன்றாக்குகிறது. மந்த காலத்தில் லாரி பாதி லோடோடு ஓடினால் டன்-கிலோமீட்டருக்கான டீசல் கூடும். எஞ்சின் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. இதற்காகவே ‘தொழில்நுட்ப ஓடெக்ஸ்’ என்ற இன்னொரு வடிவம்: அதில் பின்னடைவுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. இது கொஞ்சம் தாராளமான ஏற்பாடுதான்.

உருக்கில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு பழைய இரும்பு உருக்கப்படுகிறது என்பது. தாதுவிலிருந்து ஊதுலையில் தொடங்கும் ஆலையையும் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலையையும் ஒரே சராசரியில் போட்டால் எண் எதையும் சொல்லாது. சொந்த மின்நிலையம் வைத்திருக்கும் ஆலையின் நிலக்கரியை ஒரு நாடு தொழில்துறையிலும் இன்னொன்று மின்துறையிலும் எழுதினாலும் அதே கதிதான். ஆலைகளுக்கு எரிசக்திச் சிக்கன இலக்கு விதிக்கும் இந்தியாவின் ‘பாட்’ (PAT) திட்டம், 2012-ல் 478 ஆலைகளோடு தொடங்கியபோது, கணக்கின் எல்லையை ஆலையின் வாசல் முதல் வாசல் வரை என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டது.