எத்தியோப்பியாவின் உப்புக் காசு

எத்தியோப்பியாவுக்கு இன்று கடற்கரையே கிடையாது. ஆனால் அந்த நாட்டுக்குள்ளேயே உப்பு நிறையக் கிடைக்கிறது. காரணம், வடகிழக்கில் இருக்கும் டனாக்கில் பள்ளம். கடல் மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்குள்ள டல்லோலில் ஆண்டுச் சராசரி வெப்பமே 34 டிகிரிக்கு மேல்.

பள்ளம் எப்படி வந்தது? ஆப்பிரிக்கக் கண்டம் இங்கே கிழிந்துகொண்டிருக்கிறது. நிலத்தட்டுகள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் விலக விலக, நடுவில் உள்ள தரை மெலிந்து தாழ்கிறது. சில சமயம் பொறுமை இழந்துவிடும் போல. 2005 செப்டம்பரில் அடியிலிருந்து பாறைக்குழம்பு ஏறி, சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்தது. சில வாரங்களில், சில இடங்களில் 8 மீட்டர் வரை விலகிவிட்டது!

தாழ்ந்த தரைக்குள் செங்கடல் பலமுறை புகுந்திருக்கிறது. வழி அடைபட்டதும் உள்ளே மாட்டிய தண்ணீர் வெயிலில் வற்றி, உப்பு மட்டும் மிஞ்சியது. இப்படிச் சேர்ந்த படிவம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமன். இப்போதும் மேட்டுநிலத்து மழைவெள்ளம் இறங்கி வந்து மேல் உப்பைக் கரைக்கும். அப்புறம் காய்ந்து புது ஏடு படியும். அந்த ஏட்டில் வெட்டி, இடுக்கில் மரக்கழிகளைச் செருகி, நாலைந்து பேர் சேர்ந்து நெம்பிப் பெயர்ப்பார்கள். வேறு சிலர் குந்தி உட்கார்ந்து கைக்கோடாரியால் சதுரமாகச் செதுக்குவார்கள். பள்ளத்துப் பக்கம் வாழும் அஃபார் மக்களும் மேட்டுநிலத்திலிருந்து வரும் திக்ராய்க்காரர்களும் செய்துவரும் வேலை இது.

ஒரு காலத்தில் மேட்டுநிலத்தில் இந்த உப்புதான் பணம். சாணைக்கல் மாதிரி நீளமாகச் செதுக்கிய கட்டிக்கு அமோலே என்று பெயர். பள்ளத்தைவிட்டுத் தள்ளிப்போகப் போக அதன் மதிப்பு ஏறும். ஒட்டகமும் கழுதையும் மலையேறிய கூலி அதில் சேர்கிறதே. மழையில் நனைந்தால் கரையும், முனை உடைந்தால் விலை குறையும். சேமித்து வைக்கத் தொல்லைதான். ஆனாலும் யாரும் வேண்டாம் என்று சொல்லாத பணம், ஏனென்றால் அவசரத்துக்குக் குழம்பில் போடலாம்.

இந்தப் பழக்கம் புதிதல்ல. இந்தப் பகுதியில் பண்டைக் காலத்தில் இருந்த அக்சும் அரசின் வணிகர்கள் மாடு, இரும்பு, உப்பு கொண்டுபோய்த் தங்கம் மாற்றிவந்ததை 6ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் பயணி காஸ்மாஸ் எழுதியிருக்கிறார். எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனலிக் 1890களில் தன் உருவம் பொறித்த வெள்ளி நாணயம் வெளியிட்ட பிறகும், 20ஆம் நூற்றாண்டிலும் கொஞ்ச காலம் அமோலே கைமாறிக்கொண்டுதான் இருந்தது. இப்போது அங்கே சாலை வந்து லாரிகள் ஓடுகின்றன. உப்பு வெறும் உப்பாக திக்ராயின் மெக்கெல்லே நகரச் சந்தைக்குப் போகிறது.