நர்சிங் ஆனர்ஸ்: பெயரைப் பார்த்துப் பணம் கட்டும் முன்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு டெல்லித் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "சிஸ்டர், பொண்ணைச் சாதா பி.எஸ்ஸி. நர்சிங்ல போடவா, ஆனர்ஸ்ல போடவா?" ஆனர்ஸ் என்றால் ஒரு படி மேல், அதற்காக ஃபீஸ் கூடுதலாகக் கேட்டாலும் தப்பில்லை என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். விசாரித்தால், அந்த யாரோ பெரும்பாலும் சீட் பிடித்துத் தரும் புரோக்கர்.

டெல்லியில் நர்சிங் பட்டத்தோடு ஆனர்ஸ் சேர்ந்துகொண்டது இன்று நேற்றல்ல. 1946-இல் இங்கே தொடங்கிய நர்சிங் கல்லூரி (இன்றைய ராஜ்குமாரி அம்ரித் கௌர் நர்சிங் கல்லூரி) டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் பட்டம் தருகிறது. அதே ஆண்டில்தான் வேலூர் சி.எம்.சி.யிலும் நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. எய்ம்ஸ் தரும் பட்டமும் ஆனர்ஸ்தான். ஆனர்ஸோ இல்லையோ, எல்லாம் நான்கு வருடப் படிப்பு. முடித்தபின் மாநில நர்சிங் கவுன்சிலில் கிடைப்பது ஒரே ரிஜிஸ்ட்ரேஷன். எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் ஆபீசர் வேலைக்கு நடக்கும் நார்செட் தேர்வின் தகுதிப் பகுதியைப் பாருங்கள். இரண்டு பட்டத்தையும் ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் ஆரம்பிக்கும், அதிலும் வித்தியாசம் கிடையாது. வெளிநாடு போகிறவர்களுக்கும் இதே கதைதான். அமெரிக்கா என்றால் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும்; தியரி எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம் என்று டிரான்ஸ்கிரிப்டைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அதனால் ஆனர்ஸ் என்ற பெயருக்காக மட்டும் ஒரு தனியார் கல்லூரி அதிகம் கேட்டால், கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

அதற்காக அதில் விஷயமே இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் மூன்று வருட நர்சிங் பட்டத்துக்கு மேல் தனியாக ஒரு வருடம் ஆராய்ச்சி செய்து ஆய்வேடு எழுதினால்தான் ஆனர்ஸ். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில், நன்றாகப் படிக்கும் சில மாணவிகளைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கொரு பேராசிரியரோடு சேர்த்துவிடுகிறார்கள். வார்டில் எழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மாணவியே விடை தேட வேண்டும். நம் கல்லூரிகளிலும் சிலபஸில் நர்சிங் ரிசர்ச் இருக்கிறது, புராஜெக்டும் உண்டு. பல இடங்களில் அது சீனியர் செய்த புராஜெக்டின் தலைப்பை மாற்றி பைண்டிங் போடுவதோடு முடிந்துவிடுகிறது. இதைச் சொன்னால் சக ஆசிரியர்கள் கோபப்படுவார்கள், இருந்தாலும் உண்மை அதுதான்.

ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு என் மாணவி ஒருத்தியைச் சொல்லலாம். சர்ஜரி வார்டில் வயிற்று ஆபரேஷன் ஆன திரிலோக்புரித் தமிழ்ப் பாட்டி ஒருவர் இருந்தார். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் இந்தியில் கேட்பார்கள், அவரும் ஒவ்வொரு தடவையும் "பாஞ்ச்" என்பார். சார்ட் முழுக்க ஐந்துதான். இவள் தமிழில் கேட்டபோது பாட்டி, "அஞ்சுன்னு சொன்னா யாரும் திட்டறதில்ல பாப்பா, நீயும் அஞ்சே போட்டுக்கோ" என்றாராம். சரி, ஒருமுறை இருமிக் காட்டுங்கள் என்றாள். பாட்டியால் முடியவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

அசையாமல் படுத்திருக்கும்போது உள்ள வலி வேறு, இருமும்போதும் திரும்பும்போதும் வரும் வலி வேறு. வயிற்றில் தையல் உள்ளவர் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமலும் இருமாமலும் இருந்தால், நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, சளி தங்கும், நிமோனியா வரை போகலாம். சார்ட்டில் இருக்கும் ஐந்து இதையெல்லாம் காட்டாது. அவள் தன் புராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொண்டாள். படுத்த நிலையில் ஒரு தடவை, இருமச் சொல்லி ஒரு தடவை என்று நோயாளிகளிடம் வலியைக் கேட்டு எழுதினாள். தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்து, மறுபடியும் கேட்டாள். உலகத்தை மாற்றும் ஆராய்ச்சி இல்லைதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் எந்த நோயாளியிடமும் நம்பரை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்ததில்லை. என் கணக்கில் அதுதான் ஆனர்ஸ். அது சாதா பி.எஸ்ஸி. கல்லூரியிலும் நடக்கும்.

ஆகவே கல்லூரியைப் பார்க்கப் போனால் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு மருத்துவமனையைக் கேளுங்கள். பி.எஸ்ஸி. நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கை உள்ள சொந்த மருத்துவமனை (பேரண்ட் ஹாஸ்பிடல்) வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. அங்கே படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்பதை ஓ.பி. நேரத்தில் ஒரு சுற்று சுற்றினாலே தெரிந்துவிடும். மாணவிகளோடு டியூட்டர் வார்டுக்கு வருகிறாரா, போன வருடம் என்ன புராஜெக்ட் செய்தார்கள் என்று படிக்கும் பிள்ளைகளிடமே கேட்கலாம். ஆபீஸில் கேட்டால் பிராஸ்பெக்டஸைத்தான் கையில் கொடுப்பார்கள்.

டி.டி.இ.ஏ. (டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம்) பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று. நர்சிங்குக்கு நீட் எதற்கு என்று பலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் நர்சிங் ஆனர்ஸ் இடங்களை நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் நிரப்புகிறது. எய்ம்ஸுக்குத் தனி நுழைவுத் தேர்வு. அம்ரித் கௌர் கல்லூரியிலும் டெல்லி எய்ம்ஸிலும் இந்தப் படிப்பு பெண்களுக்கு மட்டுமே, பையன்கள் வேறு கல்லூரிதான் பார்க்க வேண்டும். அப்புறம், இங்கே படித்துவிட்டு ஊரோடு போய் வேலை பார்க்க நினைப்பவர்கள், டெல்லி கவுன்சிலில் செய்த பதிவைத் தமிழ்நாடு கவுன்சிலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஊருக்கு டிக்கெட் போடும் முன்பே அதற்கான வேலையை இங்கே தொடங்கிவிடுங்கள்.