மிக்சரில் கெயின் குமிழ் என்னதான் செய்கிறது?

பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் அனலாக் மிக்சரில் ஒவ்வொரு சேனலின் (ஒரு மைக்குக்கான வரிசை) உச்சியிலும் ஒரு குமிழ் இருக்கும், கெயின் என்றோ ட்ரிம் என்றோ எழுதியிருக்கும். இதைத் திருப்பினால் சத்தம் கூடுகிறது, அதனால் வால்யூம் என்றே பலர் நினைத்துக்கொண்டு கச்சேரி நடுவில் இதையே கூட்டிக் குறைக்கிறார்கள். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கீழே மேலும் கீழும் தள்ளும் ஃபேடர் இருக்கிறது. பாட்டுக்கும் இரைச்சலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது முடிவாவது மேலே இந்தக் குமிழில்தான், இங்கே தவறினால் பிறகு எந்த இடத்திலும் சரிசெய்ய முடியாது.

மைக் தரும் மின்னழுத்தம் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 1966-லிருந்து விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58, 94 டெசிபெல் ஒலி அதன்மேல் விழும்போது சுமார் 1.85 மில்லிவோல்ட் தருகிறது. மிக்சரின் உள்ளே மற்ற சர்க்யூட்டுகள் நன்றாக வேலை செய்வதோ ஒரு வோல்ட்டை ஒட்டிய அளவில். தொழில்முறைக் கருவிகளின் வழக்கமான லைன் அளவு 1.23 வோல்ட். நடுவில் சுமார் 660 மடங்கு. டெசிபெல் கணக்கில் மின்னழுத்தம் 10 மடங்கானால் 20, இரு மடங்கானால் 6. அப்படிப் பார்த்தால் இது 56 டெசிபெல். இந்தப் பெருக்கலைச் செய்வது சேனலின் தொடக்கத்தில் உள்ள ப்ரீஆம்ப். கெயின் குமிழ் அதன் கட்டுப்பாடு.

சரி, பெருக்கலை ஏன் முதலிலேயே செய்ய வேண்டும், கடைசியில் ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்பில் கூட்டிக்கொண்டால் போதாதா? போதாது, ஏனென்றால் ஒவ்வொரு சர்க்யூட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கிறது. வெறும் மின்தடை கூட வெப்பத்தால் இரைச்சல் எழுப்பும். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் விளக்கினார், இருவரின் கட்டுரைகளும் 1928-இல் வந்தன. 150 ஓம் மின்தடை ஒன்று, அறை வெப்பநிலையில், காது கேட்கும் எல்லைக்குள் தருவது சுமார் 0.22 மைக்ரோவோல்ட். இதை யாராலும் ஒழிக்க முடியாது. ப்ரீஆம்புக்குப் பின்னால் இருக்கும் ஈக்யூ (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைப்பது), எல்லாச் சேனல்களையும் கூட்டும் பகுதி எல்லாம் சேர்ந்து இதைவிட நிறையவே சேர்க்கும்.

ஒரு கணக்குக்கு அந்தப் பின்பகுதி இரைச்சல் 0.05 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மைக்கிலிருந்து 2 மில்லிவோல்ட் வருகிறது, மொத்தம் 300 மடங்கு வேண்டும். முதலிலேயே 300 மடங்கு பெருக்கினால் பாட்டு 600 மில்லிவோல்ட், அதோடு சேரும் இரைச்சல் அதே 0.05. முதலில் 10 மடங்கு மட்டும் பெருக்கி மீதி 30 மடங்கைக் கடைசியில் பெருக்கினாலும் பாட்டு 600தான், ஆனால் இரைச்சலும் கூடவே 30 மடங்காகி 1.5 மில்லிவோல்ட் ஆகிவிடும். பாட்டு நின்ற இடைவெளிகளில் ஸ்பீக்கரிலிருந்து உஸ்ஸென்று கேட்பது பல சமயம் இதுதான்.

அப்போ கெயினை முழுசாக ஏற்றிவிடலாமா என்றால், மேலே ஒரு கூரை இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆப்ஆம்பு என்ற பெருக்கும் சிப்புகளுக்குப் பொதுவாகக் கிடைப்பது பிளஸ் மைனஸ் 15 வோல்ட் சப்ளை, அதற்கு மேல் எந்த அலையும் போக முடியாது. போக முயன்றால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும், மூல ஒலியில் இல்லாத புது அதிர்வெண்கள் முளைக்கும், குரல் கரகரக்கும். ஃபேடர் ப்ரீஆம்புக்குப் பின்னால் இருப்பதால் அதை இறக்கிப் பயனில்லை. அதே கரகரப்பு மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

கர்நாடகக் கச்சேரியில் இது நன்றாகப் புரியும். வயலின் நாதம் தொடர்ந்து வருகிறது, மீட்டர் காட்டுவதை ஓரளவு நம்பலாம். மிருதங்கத்தில் ஒரு அடியின் உச்சம் சில மில்லிவினாடியில் வந்து போய்விடும். 1939-இல் தரப்படுத்தப்பட்ட வியூ மீட்டரின் முள்ளோ தன் நிலைக்கு வர 300 மில்லிவினாடி எடுத்துக்கொள்ளும். முள் பூஜ்யத்துக்கு, அதாவது வழக்கமான அளவுக்கு, கீழே சாதுவாக ஆடும்போதே உச்சம் கூரையில் இடித்திருக்கலாம். அதனால் தாளவாத்தியத்துக்கு முள்ளைவிட, உச்சம் கூரையை நெருங்கினால் எரியும் பீக் விளக்கைப் பாருங்கள், கெயினைக் கொஞ்சம் குறைவாகவே வையுங்கள்.

அமைக்கும் முறை எளிது. கெயின் கீழே, ஃபேடர் கீழே, ஃபேடருக்கு முந்தைய அளவை மீட்டரில் பார்க்க அந்தச் சேனலின் சோலோ அல்லது பிஎஃப்எல் பட்டனை அழுத்துங்கள். பாடகரை ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்ல வைத்து அளவு பார்ப்பதில் அர்த்தமில்லை. மேல் ஸ்தாயியில் முழுக்குரலில் ஒரு வரி பாடச் சொல்லுங்கள். சராசரி பூஜ்யத்தை ஒட்டி ஆடும்வரை கெயினை ஏற்றுங்கள். கூட்டம் வந்ததும் எல்லோரும் இன்னும் பலமாகத்தான் பாடுவார்கள், வாசிப்பார்கள், அதற்காக 6 டெசிபெல் இறக்கி வைத்தாலும் நஷ்டமில்லை. அப்புறம் ஈக்யூவில் எதையாவது தூக்கினால் மீண்டும் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள், அதுவும் பெருக்கல்தான். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி மைக்கைவிடப் பெரிய மின்னழுத்தம் தரும், அதை லைன் இன்புட்டில் போடுங்கள். மைக் இன்புட்டில்தான் போட வேண்டிய நிலை என்றால் உள்ளே வரும் அளவை 20 டெசிபெல் குறைக்கும் பேட் பட்டனை அழுத்திவிடுங்கள்.

கச்சேரி தொடங்கிய பிறகு கெயினைத் தொடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் மேடை மானிட்டர், அதாவது பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர். அதற்குப் போகும் ஆக்ஸ் என்ற தனி வழி பெரும்பாலும் ஃபேடருக்கு முன்னாலேயே பிரிந்துவிடும். சபையில் குரல் போதவில்லை என்று நீங்கள் 6 டெசிபெல் கெயின் ஏற்றினால் பாடகரின் காதருகே உள்ள மானிட்டரும் அதே 6 ஏறும், அதன் ஒலி மைக்கில் திரும்பப் புகுந்து அடுத்த நொடி ஃபீட்பேக் கூவும். ஃபேடரைத் தொட்டால் மானிட்டர் அப்படியே இருக்கும்.

மிக்சரிலிருந்து டிஜிட்டல் ரெக்கார்டருக்கு எடுப்பவர்களுக்கு இன்னொன்று. மிக்சர் மீட்டரின் பூஜ்யத்துக்கு மேல் இன்னும் 16, 18 டெசிபெல் இடம் இருக்கும், ரெக்கார்டரின் பூஜ்யமோ கூரையே. மிக்சர் பூஜ்யத்தில் நிற்கும்போது ரெக்கார்டர் மைனஸ் 18-ஐ ஒட்டிக் காட்டும்படி அதன் இன்புட்டை அமையுங்கள்.